கைப்பக்குவம்

நுழையும்முன்

ஒரே பருப்பு, ஒரே புளி, ஒரே அடுப்பு. ஆயினும் இரண்டு வீட்டுச் சாம்பார் ஒரே சுவையில் அமைவதில்லை. அந்த வேறுபாட்டுக்குத் தமிழர் வழங்கும் சொல் கைப்பக்குவம். அது பிறவியிலேயே வாய்ப்பதா, பழகிப் பெறுவதா? வீட்டில் கேக் சுடுவதையும் அதை அழகுபடுத்துவதையும் பொழுதுபோக்காகக் கொண்ட ஒரு மாணவியின் அடுக்களையிலிருந்து இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

நடுவில் குழிந்த கேக்

2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. அடுமனைகள் பலவற்றின் கண்ணாடிப் பேழைகள் வெறுமையாயின. பிறந்தநாள்கள் மட்டும் நாள்காட்டியில் வரிசை தவறாமல் வந்துகொண்டிருந்தன. கடையில் கேக் கிடைக்காத அந்நாள்களில் எத்தனையோ குடும்பங்கள் முதன்முறையாகத் தம் வீட்டிலேயே கேக் சுட முற்பட்டன. ஓவன் இல்லாத வீடுகளில் குக்கரே ஓவன் ஆயிற்று.

அத்தகைய வீடொன்றில், ஒத்திவைக்கப்பட்ட பதினோராம் வகுப்புத் தேர்வுக்குக் காத்திருந்த மாணவி ஒருத்தி, ஏப்ரல் மாதத்தில் தன் தம்பியின் பிறந்தநாளுக்காகக் கேக் சுட்டாள். பழைய குக்கரின் மூடியிலிருந்து ரப்பர் வளையத்தையும் விசிலையும் அகற்றினாள். நீர் ஊற்றாமல் அடியில் உப்பைப் பரப்பி, அதன்மேல் சிறு தாங்கியை வைத்துப் பத்து நிமிடம் சூடேற்றினாள். மாவுக்கலவை நிரம்பிய பாத்திரத்தை உள்ளே இறக்கி மூடினாள். தம்பி மேசையைச் சுற்றிச்சுற்றி வந்தான்.

நாற்பது நிமிடத்திற்குப்பின் திறந்தபோது ஓரங்கள் உயர்ந்தும் நடுப்பகுதி கிணறுபோல் இறங்கியும் கிடந்தது கேக். ஈர்க்குச்சியைச் செருகி எடுத்தால் வேகாத மாவு ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் கண்கள் கலங்கின. அடுக்களைக்கு வந்த பாட்டி வெந்த ஓரத்திலிருந்து ஒரு விள்ளலை எடுத்து வாயிலிட்டார்.

"சுவை வந்திருக்கிறது, கண்ணு. பக்குவம்தான் இன்னும் வரவில்லை."

"எல்லாவற்றையும் அளந்துதானே போட்டேன், பாட்டி?"

"அளவு கிண்ணத்தில் இருக்கிறது. பக்குவம் கையில் இருக்கிறது. உன் கைக்கு அது இன்னும் பழகவில்லை."

தம்பி குழிந்த இடத்தில் மிட்டாய்களை நிரப்பிப் பிறந்தநாளைக் கொண்டாடினான். ஆனால் பாட்டியின் சொல் அவளை விடவில்லை. நாள்தோறும் எதையும் அளக்காமல் சமைக்கும் பாட்டிக்குத் தவறாமல் அமைவது, கிராம் கணக்கில் அளந்த தனக்கு ஏன் அமையவில்லை என்பதே அவள் வினா.

கண்ணளவும் கிண்ண அளவும்

தமிழர் அடுக்களையின் பெரும்பாலான சமையல், செய்யும்போதே திருத்திக்கொள்ளக்கூடியது. குழம்பில் உப்பு குறைந்தால் சேர்க்கலாம். புளி மிகுந்தால் நீர் விளாவலாம். கொதிக்கும்போதே ஒரு துளியை உள்ளங்கையில் விட்டுச் சுவைத்துப் பார்க்கலாம். கேக் அவ்வாறு இடம் தருவதில்லை. மாவுக்கலவை அடுப்புக்குள் சென்றபின் எதையும் கூட்டவோ குறைக்கவோ இயலாது. செய்ய வேண்டியவை அனைத்தையும் முன்கூட்டியே செய்துவிட்டுக் கைகட்டிக் காத்திருக்க வேண்டும். அதனால்தான் அதற்கு அளவு உயிர்நாடியாயிற்று.

கப் கேக் என்னும் பெயருக்குள்ளேயே அளவின் வரலாறு அடங்கியிருக்கிறது. 1796ஆம் ஆண்டு அமெரிக்காவில் அமேலியா சிம்மன்சு வெளியிட்ட சமையல் நூலில், சிறு கிண்ணங்களில் ஊற்றிச் சுடும் கேக்கைப் பற்றிய குறிப்பு காணப்படுகிறது. 1828ஆம் ஆண்டு எலைசா லெசுலி எழுதிய நூலில் கப் கேக் என்னும் பெயரிலேயே ஒரு செய்முறை உண்டு. கிண்ணத்தில் சுடுவதாலும், பொருள்களைக் கிண்ணத்தால் அளப்பதாலும் இப்பெயர் வழங்கலாயிற்று. வெண்ணெய் ஒரு கிண்ணம், சர்க்கரை இரண்டு கிண்ணம், மாவு மூன்று கிண்ணம், முட்டை நான்கு என்பது அக்காலத்தவர் மனத்தில் எளிதாகத் தங்கிய வாய்பாடு. தராசு இல்லாத வீட்டிலும் கிண்ணம் இருந்தது. ஆழாக்கு, உழக்கு, உரி, படி என முகத்தலளவைகளைக் கொண்டு அடுக்களையை நடத்திய தமிழ்ப் பெண்களுக்கு இம்முறை அந்நியமானதன்று.

இதை அறிந்தபின் அவள் பாட்டியின் சமையலை உற்றுநோக்கினாள். அளக்காமல் சமைப்பதாகத் தோன்றிய பாட்டி, இட்லிக்கு நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பதில் சிறிதும் பிசகவில்லை. பனிக்காலத்தில் மாவு புளிக்க நேரம் மிகும் என்பதைக் கணித்து, மாலையில் சற்று முன்னதாகவே அரைத்து வைத்தார். கண்ணளவு என்பது அளவே இல்லாமை அன்று. பல்லாண்டு அளந்து பழகியபின் கண்ணிலும் கையிலும் தங்கிவிட்ட அளவு அது.

அடுப்புக்குள் நடப்பவை

இரண்டாம் முறை அவள் கேக் சுட்டபோது நடுப்பகுதி குழியவில்லை. மாறாக, கேக் இறுகி ரப்பர்போல் இழுபட்டது. மூன்றாம் முறை சிறிதும் உப்பாமல் அடையாக நின்றது. ஒவ்வொரு முறையும் தன் கணக்குப் பயிற்சியேட்டின் பின்பக்கத்தில் என்ன செய்தாள், என்ன நேர்ந்தது என்று எழுதினாள். பின்னர் வேதியியல் பாடத்தில் படித்தவற்றோடு அவற்றைப் பொருத்திப் பார்த்தாள். பிழைகள் ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லத் தொடங்கின.

வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து நுரைக்க அடிக்கும்போது நுண்ணிய காற்றறைகள் உண்டாகின்றன. சமையல் சோடாவும் உலர்ந்த அமிலப் பொருளும் கலந்த பேக்கிங் பவுடர், ஈரமும் வெப்பமும் பட்டதும் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அவ்வாயு முன்னரே உண்டான காற்றறைகளை விரிக்க, கேக் உயர்கிறது. முட்டையின் புரதமும் மாவின் மாச்சத்தும் வெப்பத்தால் இறுகி, விரிந்த அறைகளைச் சுவர்போல் தாங்குகின்றன. அச்சுவர் இறுகுமுன் மூடியைத் திறந்தால் உள்வெப்பம் சட்டென்று குறைகிறது, நடுப்பகுதி அமிழ்ந்துபோகிறது. முதல் கேக் வெந்துகொண்டிருந்தபோது, ஆவலை அடக்கமாட்டாமல் அவள் இருமுறை மூடியைத் திறந்து பார்த்திருந்தாள்.

கோதுமையிலிருந்து எடுக்கப்படும் மைதா மாவில் உள்ள புரதங்கள் நீர் பட்டுப் பிசையப்படும்போது குளூட்டன் என்னும் இழுவைத்தன்மையுள்ள வலையாக மாறுகின்றன. பரோட்டாவுக்கு இவ்வலை வேண்டும். கேக்குக்கு மிகுதியாக வேண்டுவதில்லை. கட்டியில்லாமல் கலக்க வேண்டும் என்று நெடுநேரம் அடித்ததே இரண்டாம் கேக் இறுகியதன் காரணம். மூன்றாம் கேக் உப்பாததற்குக் காரணம் நாள்பட்ட பேக்கிங் பவுடர். ஒரு கரண்டி பொடியை வெந்நீரில் இட்டால் அது நுரைத்துப் பொங்க வேண்டும். அவள் வீட்டுப் பொடி அசையாமல் கிடந்தது.

நான்காம் கேக் சீராக உயர்ந்து வந்தது. தோல்விகள் மூன்றும் எழுதப்பட்டிருந்த தாளின் கீழே அவள் வெற்றியைக் குறிக்கும்போது அதற்கு ஒரே வரிதான் தேவைப்பட்டது.

ஒருவரை எண்ணிச் செய்தவை

கேக்கின் வரலாற்றைப் படிக்கும்போது அவளுக்கு இன்னொன்றும் புலப்பட்டது. இத்துறையின் மாற்றங்கள் சில, யாரோ ஒருவரை எண்ணிச் செய்த முயற்சியில் பிறந்தவை. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த வேதியியலர் ஆல்பிரட் பேர்டு என்பவரின் மனைவிக்கு முட்டையும் ஈஸ்ட்டும் ஒவ்வாதவை. அவருக்காக முட்டை சேராத கஸ்டர்டு பொடியை 1837இல் உருவாக்கிய பேர்டு, ஈஸ்ட் சேராத ரொட்டியையும் அவர் உண்ண வேண்டும் என்பதற்காக 1843இல் பேக்கிங் பவுடரை உருவாக்கினார். வீட்டிலிருந்த ஒருவரின் தேவை, பின்னாளில் உலகெங்கும் உள்ள அடுக்களைகளின் அலமாரியில் இடம்பிடித்தது.

மற்றொரு நிகழ்ச்சி தென்னிந்தியாவில் நடந்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்திலிருந்த தலச்சேரியில் மம்பள்ளி பாப்பு என்பவர் அடுமனை நடத்திவந்தார். 1883ஆம் ஆண்டு, மர்டாக் பிரவுன் என்னும் ஆங்கிலேயத் தோட்ட முதலாளி, இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கிறித்துமசு கேக்கைக் காட்டி அதுபோல் செய்துதரக் கேட்டார். பாப்பு அதைச் சுவைத்தறிந்து, உள்ளூர்க் கொல்லரைக் கொண்டு அச்சு செய்வித்தார். வெளிநாட்டு மதுவுக்கு மாற்றாக முந்திரிப்பழமும் வாழைப்பழமும் கொண்டு உள்ளூரில் புளிக்கவைத்த சாற்றைச் சேர்த்தார். கேக்கை உண்ட தோட்ட முதலாளி பெரிதும் மகிழ்ந்து மேலும் செய்து தருமாறு கேட்டார் என்று சொல்லப்பட்டுவருகிறது. இந்தியாவில் சுடப்பட்ட முதல் கிறித்துமசு கேக் இதுவே என்பர். இல்லாத பொருளுக்காக வருந்தாமல் இருக்கும் பொருளின் இயல்பை அறிந்து பயன்படுத்தியது பாப்புவின் கைப்பக்குவம்.

தெரிந்து தெளிவோம்

முட்டையின் வெண்கருவை நுரை நிற்கும்வரை அடித்து, சர்க்கரையும் பொடித்த முந்திரியும் கலந்து கூம்பு வடிவில் சுட்டெடுப்பது தூத்துக்குடி மக்ரூன். ஐரோப்பிய மக்ரூனில் பாதாம் இடம்பெறும்; தூத்துக்குடியில் அவ்விடத்தை முந்திரி பிடித்தது. அம்முந்திரியும் போர்த்துக்கீசியரால் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மரத்தின் கொடையே.

கூம்பில் மலரும் பூ

கேக் சுடக் கற்றபின் அவள் அதை அழகுபடுத்த விரும்பினாள். வெண்ணெய் ஒரு பங்கும் பொடித்த சர்க்கரை இரு பங்கும் சேர்த்து நுரைக்க அடித்தால் வெண்ணெய்க் கிரீம் கிடைக்கும். அதைக் கூம்பு வடிவப் பையில் நிரப்பி, முனையில் உலோகக் குழலைப் பொருத்திப் பிழிய வேண்டும். விண்மீன் வடிவ முனை நெளிவரிகளைத் தரும். ஒருபுறம் அகன்று மறுபுறம் ஒடுங்கிய முனை இதழ்களைத் தரும். ரோசாவை உருவாக்க அகன்ற பகுதியைக் கீழே வைத்து நடுவில் ஒரு மொட்டும், அதைச் சுற்றி மூன்று இதழ்களும், பின் ஐந்தும், பின் ஏழும் பிழிவது ஒரு முறை.

முதல் ரோசா முட்டைக்கோசுபோல் இருந்தது. அடுத்தது முழுமை பெறுமுன்பே வழியத் தொடங்கியது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியசு வெப்பத்திலேயே உருகிவிடும். குளிர்நாட்டில் எழுதப்பட்ட செய்முறை, தமிழ்நாட்டுச் சித்திரை வெயிலை அறியாது. அவள் கிரீமையும் பாத்திரத்தையும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்து, விடியற்காலைக் குளிர்ச்சியில் வேலை செய்யத் தொடங்கினாள். உள்ளங்கையின் சூடே கிரீமை இளக்கிவிடும் என்பதால் பையை இறுகப் பற்றாமல் விரல்களால் தாங்கப் பழகினாள்.

கூம்பைப் பிழியும் கலை அவ்வீட்டுக்குப் புதியதும் அன்று. தீபாவளிக்கு முறுக்கு நாழியில் விண்மீன் வடிவ அச்சைப் பொருத்தி முள்முறுக்கு பிழிவதும், திருமணத்துக்கு மருதாணிக் கூம்பால் மணப்பெண்ணின் கையில் கொடிகளை வரைவதும் அதே விரல் அழுத்தத்தையே கோருகின்றன. அழுத்தம் கூடினால் கோடு தடிக்கும், குறைந்தால் அறுபடும். கைமுறுக்கு சுற்றும் பெண்கள் எந்தக் கருவியும் இன்றி, விரல் நுனியால் மாவை முறுக்கிக்கொண்டே ஐந்து சுற்று, ஏழு சுற்று என ஒரே பருமனில் சுற்றுவர். பேத்தியின் குழல்களைக் கையிலெடுத்துப் பார்த்த பாட்டி, ஒரு தட்டில் ஏழு நெளிவுகளை வரிசையாகப் பிழிந்துவிட்டுக் குழலைத் திருப்பித் தந்தார். ஏழும் ஒன்றுபோலவே இருந்தன. கேக் சுட்டறியாத கை அது; ஆயினும் அழுத்தத்தை அறிந்திருந்தது.

மூன்று முறை பிரித்த கூடை

"உங்களுக்கு முதல்முறையே எல்லாம் வந்துவிடுமா, பாட்டி?" என்று அன்று அவள் கேட்டாள்.

பாட்டி விடை கூறாமல், கதவின் பின்னால் மாட்டியிருந்த வயர்க்கூடையைக் காட்டினார். சந்தைக்கும் கோயிலுக்கும் இருபது ஆண்டுகளாக உடன் சென்ற பச்சைநிறக் கூடை அது. தமிழ்நாட்டுப் பெண்கள் பலர் பகற்பொழுதின் ஓய்வில் நெகிழி வயர்களைக் கொண்டு கூடை பின்னுவது வழக்கம். சிவன்கண், நெல்லிக்காய் எனப் பின்னல்களுக்குப் பெயர்கள் உண்டு. அடிப்பகுதியில் ஒரு முடிச்சு தளர்ந்தால் மேலே எழும் சுவர் முழுவதும் சாயும். அச்சாய்வு பாதிக் கூடை முடிந்தபின்தான் கண்ணுக்குத் தெரியும்.

"இதை மூன்று முறை பிரித்தேன். மூன்றாம் முறை பிரிக்கும்போது அழுகை வந்துவிட்டது. உன் தாத்தா, 'கடையில் வாங்கிக்கொள்ளலாமே' என்றார். கடையில் கூடை கிடைக்கும். எனக்குப் பின்னத் தெரிந்துவிடுமா என்றேன்."

வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. கைப்பக்குவம் பிறவிக் கொடை என்றே அதுவரை அவள் எண்ணியிருந்தாள். பாட்டியின் கையிலும் அது பிரித்துப் பின்னிய முடிச்சுகளின் வழியாகவே வந்திருந்தது. பிரித்ததை யாரும் கண்டதில்லை. கூடையை மட்டுமே எல்லாரும் கண்டனர்.

விலையும் மதிப்பும்

அவள் செய்த கப் கேக்குகளை உண்ட அண்டைவீட்டார், தம் மகளின் பிறந்தநாளுக்கு இருபது செய்துதருமாறு கேட்டு விலையும் பேசினர். பொழுதுபோக்கு தொழிலாக மாறும் வாசல் இது. வீட்டில் கேக் சுட்டுக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் பலர் உளர், அது பெருமைக்குரியது. ஆனால் விற்பனைக்கென ஒன்றைச் செய்யும்போது பொறுப்பும் கூடுகிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வீட்டில் உணவு செய்து விற்போரும் பதிவு பெற வேண்டும். தூய்மை, பொருள்களின் தரம், குறித்த நேரம் ஆகியவற்றில் விற்பவர் தவறலாகாது. காசு கொடுத்தவரிடம், 'இம்முறை கேக் குழிந்துவிட்டது. அடுத்தமுறை பார்க்கலாம்' என்று சொல்ல முடியாது.

அவள் நெடுநேரம் எண்ணிப் பார்த்தாள். இறுதியில் அந்த இருபதையும் அன்பளிப்பாகச் செய்து தந்தாள். விற்பதைப் பற்றிப் பள்ளிப்படிப்பு முடிந்தபின் முடிவுசெய்யலாம் என்று அம்மாவிடம் கூறினாள். தொழிலைத் தாழ்வாகக் கருதியதால் அன்று. இன்னும் சில காலம் தவறு செய்து பழகும் உரிமை தனக்கு வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

தவறுவதற்கு ஓர் இடம்

மேல்நிலை வகுப்பு மாணவரின் நாள்கள் மதிப்பெண்களால் அளக்கப்படுபவை. அங்கே ஒவ்வொரு பிழைக்கும் ஒரு விலை உண்டு. பிழையை மறைக்கவும் அஞ்சவும் மனம் பழகிவிடுகிறது. பொழுதுபோக்கு என்னும் சொல்லை வீண் என்னும் பொருளில் எண்ணுவோர் உண்டு. ஆனால் கேக் சுடுதல், கூடை பின்னல், காகிதப்பூ செய்தல், துணியில் பூவேலை செய்தல் போன்றவை, பிழையை அஞ்சாமல் திருப்பிப் பார்க்க இடம் தருகின்றன. அங்கே தோல்வியால் இழப்பது ஒரு கிண்ண மாவு அல்லது ஒரு சுருள் நூல். பெறுவதோ காரணம் தேடும் பழக்கமும் மறுபடி தொடங்கும் துணிவும். அவ்விரண்டும் அடுக்களையோடு நின்றுவிடுவதில்லை.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் தம்பியின் பிறந்தநாள் மீண்டும் வந்தது. பன்னிரண்டு கப் கேக்குகளின்மேல் பன்னிரண்டு ரோசாக்கள் பூத்திருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் சற்றுச் சாய்ந்திருந்தது. தம்பி அதைத்தான் முதலில் எடுத்தான். பாட்டி ஒன்றைக் கையிலெடுத்து, இதழ்களைச் சிறிது நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தபின் உண்டார். "கைக்குப் பழகிவிட்டது, கண்ணு" என்றார்.

இரண்டு நாள் உழைப்பு பத்து நிமிடத்தில் தீர்ந்தது. தட்டுகளைக் கழுவி அடுக்கியபின் அவள் பயிற்சியேட்டின் பின்பக்கத்தைத் திறந்தாள். சாய்ந்த ரோசாவை நினைவில் கொண்டு, 'அடுத்தமுறை கிரீம் இன்னும் சற்றுக் குளிர வேண்டும்' என்று எழுதிவைத்தாள்.